நெறி கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?
மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நோய் எதிர்ப்பு சக்தி பற்றி எழுதிய குறிப்பில், பி செல்கள் என்னும் வெள்ளையணு வகையைப் பற்றி இரண்டே வரிகள் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பலர் தங்கள் நோய் விவரங்களை எழுதியிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வலையிலிருந்து மீனை எடுக்கும்போது திருக்கையின் வால் முள் கணுக்காலில் குத்திவிட்டது. மருத்துவமனையில் புஜத்தில் ஒன்றும் தொடையில் ஒன்றுமாக இரண்டு ஊசி போட்டார்கள். கேட்டால் இரண்டுமே ரண ஜன்னிக்குத்தான் (டெட்டனஸ்) என்றார்கள். ஒரே நோய்க்கு எதற்கு இரண்டு ஊசி? மறுநாள் தொடை இடுக்கில் நெறி கட்டியது. அது ஊசியால் வந்ததா?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

பதில்: நெறி கட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் காலில் பட்ட காயமாகவே இருக்கும். காயத்தில் நுழைந்த கிருமிகளும் அவற்றின் துணுக்குகளும் நிணநீரோடு மேலேறித் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைகின்றன. அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஒவ்வொரு விதமான ஏற்பி, அதாவது வந்த பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கும். வந்த துணுக்கோடு எந்தச் சில செல்களின் ஏற்பி பொருந்துகிறதோ, அவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகத் தொடங்குகின்றன. நெறியின் வீக்கத்தில் இந்தப் பெருக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெருகும்போதே அவை தம் ஏற்பியின் மரபணுவில் சிறு சிறு மாற்றங்களைச் செய்து பார்க்கின்றன. முன்பைவிட இறுகப் பிடிக்கும் செல் பிழைத்துக்கொள்ளும். பிடி தளர்ந்தது அங்கேயே மடிந்துவிடும். தேறியவற்றில் ஒரு பகுதி ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதத்தைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறும். இன்னொரு பகுதி நினைவு பி செல்லாக ஒதுங்கிக்கொள்ளும்.

இதற்குக் காலம் பிடிக்கிறது என்பதில்தான் உங்கள் இரண்டு ஊசிகளுக்கும் விடை இருக்கிறது. புஜத்தில் போட்டது தடுப்பூசி. அது உங்கள் சொந்த பி செல்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டவருக்கு நினைவு செல்கள் சில நாட்களிலேயே எழுந்துவிடும். போடாதவருக்கு வாரக்கணக்கில் ஆகும், ஒரு தவணையும் போதாது. ரண ஜன்னிக் கிருமியின் நஞ்சு அதுவரை காத்திருக்காது. ஆகவே, ஏற்கெனவே தடுப்பூசி பெற்ற வேறொருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆயத்த எதிர்ப்புரதத்தைத் தொடையில் செலுத்தியிருக்கிறார்கள். இரவல் புரதம் என்பதால் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கொரு முறை பாதியாகக் குறைந்து கரைந்துவிடும். சொந்தச் சரக்கோ பல்லாண்டு நிற்கும். 1918-ஆம் ஆண்டின் கொடிய இன்ஃபுளுவென்சாக் காலத்தில் வாழ்ந்தவர்களின் ரத்தத்தை 90 ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஆராய்ந்தபோது அந்தப் பழைய வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் இன்னும் அவர்கள் உடலில் இருந்தன. தடுப்பூசியின் மீதித் தவணைகளை விட்டுவிடாதீர்கள். திருக்கை முள் பட்டதும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வலி தணிந்த பிறகும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் எலும்பே இல்லாத சுறாவுக்கு பி செல் கிடையாதா? எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் வளரும் இறாலுக்கு? ‘பி’ என்பது எதைக் குறிக்கிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தேவிபட்டினம்

பதில்: நல்ல கேள்வி; கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ‘பி’ கோழியிலிருந்து வந்தது. கோழியின் கழிவுத் துவாரத்தருகே பர்சா (Bursa) என்றொரு சிறு பை உண்டு; அதன் முதல் எழுத்துதான் இந்த ‘பி’. வளர்ந்த கோழியில் அது சுருங்கிவிடும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்பவர் குஞ்சுப் பருவத்தில் பர்சாவை நீக்கி வளர்த்த கோழிகளுக்கு, ஒரு வகுப்புச் செய்முறைக்காகக் கிருமிப் பொருளைச் செலுத்தினார்கள். அவற்றின் உடலில் எதிர்ப்புரதம் உருவாகவே இல்லை. 1956-இல் கோழியியல் இதழ் ஒன்றில் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பை மருத்துவ உலகம் பல ஆண்டுகள் திரும்பிப் பார்க்கவில்லை. நமக்கு பர்சா இல்லை. அந்த வேலையை எலும்பு மஜ்ஜை செய்கிறது.

சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு மஜ்ஜை இல்லாவிட்டாலும் பி செல்கள் உண்டு. இனப்பெருக்கச் சுரப்பிகளை ஒட்டியுள்ள ஓர் உறுப்பிலும் உணவுக்குழலின் சுவரிலுள்ள இன்னொரு திசுவிலும் அவை உருவாகின்றன. எதிர்ப்புரதம் சுரக்கும் உயிர்களில் சுறா இனமே மிகப் பழைய கிளை. 1995-இல் சுறாவின் ரத்தத்தில் நம்முடையதைவிட எளிய அமைப்புடைய தனி வகை எதிர்ப்புரதம் ஒன்றையும் கண்டறிந்தார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் பி செல்லே கிடையாது. பொதுவான தற்காப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாக எதிர்ப்புரதம் செய்து நினைவில் வைக்கும் ஏற்பாடு இல்லை. பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் நுழைந்தால், நமக்குப் போடுவது போன்ற தடுப்பூசியை நம்பியிருக்க முடியாமல், நோயில்லாத குஞ்சுகளைத் தேடி வாங்குவதும் நீரைச் சுத்தமாக வைப்பதுமே வழியாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: எனக்கு 27 வயது. கரைக்கடலில் மூழ்கிப் பாசி எடுப்பது எங்கள் தொழில். ஓராண்டாக விரல் மூட்டுகளில் வலி, முடி கொட்டுதல், வெயிலில் நின்றால் கன்னங்களில் சிவந்த தடிப்பு. மதுரையில் லூபஸ் என்று சொல்லி ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கொடுத்து, வெயிலில் போகாதே என்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வந்தது என்று என் சித்தி சக்தி கூட்டும் பொடியும் டானிக்கும் வாங்கித் தருகிறார். வெளிநாட்டில் ஏதோ செல் சிகிச்சையால் இந்த நோய் அடியோடு போய்விடுகிறது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, பாம்பன் அருகே

பதில்: உங்கள் சித்தியின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன், பொடியைக் குறை சொல்வேன். எதிர்ப்பு சக்தி என்பது குடத்து நீர் போலக் கூடும், குறையும் என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். லூபஸில் எதிர்ப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி திசை மாறி, உடலின் சொந்தப் பொருள்களையே பகை என்று எடுத்துக்கொள்கிறது. அதைத் தூண்டும் எந்தப் பொருளும் உங்களுக்கு வேண்டாம். குறிப்பாக, சக்தி மருந்தாக விற்கப்படும் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையை லூபஸ் நோயாளிகள் தவிர்க்க வேண்டும். பெயரில் பாசி இருந்தாலும் அது நீங்கள் கடலில் எடுக்கும் பாசியன்று. பெயர்ச்சீட்டு இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. சாப்பிட்டதும் சுகமாக இருப்பதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

திசை எப்படி மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பி செல்லின் ஏற்பி, மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைப் போலக் குலுக்கிச் சேர்ப்பதால் உருவாகிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். குலுக்கலில் எது வேண்டுமானாலும் விழலாம் என்பதால், மஜ்ஜையில் புதிதாகப் பிறக்கும் பி செல்களில் பாதிக்கும் மேற்பட்டவை உடலின் சொந்தப் பொருள் ஏதாவதொன்றோடு ஒட்டக்கூடியவையாகவே இருக்கின்றன. இது எல்லோருக்கும் பொது. அவற்றைத் திருத்தியோ அழித்தோ செயலிழக்கச் செய்தோ வடிகட்டும் சோதனைகள் வழிநெடுக இருக்கின்றன. லூபஸில் இந்தச் சோதனைகள் தளர்ந்துவிடுகின்றன.

இனி வெயிலுக்கு வருகிறேன். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் மடியும்போது அவற்றின் உட்கருவிலிருந்த டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் வெளியே சிதறுகின்றன. ஆரோக்கியமான உடல் அந்தக் குப்பையை ஓசையின்றி அள்ளிவிடும். அதோடு ஒட்டும் ஏற்பியுடைய பி செல் ஒன்று வடிகட்டலில் தப்பியிருந்தால், அது குப்பையை உள்ளிழுத்துக்கொள்கிறது. உள்ளே, வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் கண்டால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய டி.எல்.ஆர்.7 என்னும் உணர்வி, சொந்த ஆர்.என்.ஏ.வுக்கே மணி அடித்துவிடுகிறது. இந்த உணர்விக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி; இந்த மரபணு சில செல்களில் அந்த விதியை மீறுகிறது. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். 2022-இல், இந்த மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றத்தால் ஒரு சிறுமிக்கு லூபஸ் வந்தது நிரூபிக்கப்பட்டது. உங்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை இந்த மணியின் ஓசையைத் தணிக்கும் மருந்து. நிதானமாக வேலை செய்யும். இரண்டு மாதத்தில் பலனில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். தொடங்கும்போதும் பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்திலும் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

லூபஸ் நோயாளிகளிடம் தனித்துத் தெரியும் ஒரு பி செல் வகையும் உண்டு. 2011-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் முதிய எலிகளில் கண்டு, ‘வயதோடு சேரும் பி செல்’ என்று பெயரிட்டன. முதுமையிலும் நீடித்த தொற்றுகளிலும் இவை மெல்லச் சேர்வது இயல்பு. கிருமியை எதிர்ப்பதில் இவற்றுக்கு முறையான வேலையும் இருக்கிறது. லூபஸில் இளம் வயதிலேயே இவை குவிந்து, மேலே சொன்ன டி.எல்.ஆர்.7 மணிக்கு உடனே எழுந்து, எதிர்ப்புரதம் சுரக்கும் செல்களாக மாறுகின்றன. எதிர்த்திசையில், அமைதிப்படுத்தும் புரதத்தைச் சுரந்து அழற்சியை அடக்கும் பி செல்களும் இருக்கின்றன. ஒரே பெயருக்குள் தூண்டுபவரும் அடக்குபவரும் இருப்பதால், பி செல்லை ஒட்டுமொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடிவதில்லை.

அடுத்து செல் சிகிச்சை. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், நோயாளியின் சொந்த டி செல்களை (இன்னொரு வெள்ளையணு வகை) எடுத்து, பி செல்களைத் தேடி அழிக்கும்படி மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்தினார்கள். கார்-டி என்பது இதன் பெயர். 2021-இல் ஓர் இளம்பெண்ணைப் பற்றியும் 2022-இல் ஐந்து நோயாளிகளைப் பற்றியும் அறிக்கை வந்தது. ஐவரும் மருந்தை நிறுத்திய பிறகும் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். சில மாதங்களில் பி செல்கள் மீண்டும் உருவானபோது, அவை பெரும்பாலும் பழைய பகையை அறியாத புதுச் செல்களாக இருந்தன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வியப்பளித்த செய்தி. ஆனால் எண்ணிக்கை சிறிது, பார்த்த காலம் குறுகியது, பக்க விளைவுகள் எளியவை அல்ல. இந்தியாவில் 2023-இல் இத்தகைய சிகிச்சைக்கு முதன்முதலில் அனுமதி கிடைத்தது சில ரத்தப் புற்றுநோய்களுக்காக. மாத்திரைக்கே கட்டுப்படக்கூடிய நிலையில் உள்ள உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

உங்களுக்கு இப்போது தேவையானது சிறுநீர்ப் பரிசோதனை. டி.என்.ஏ.வும் அதற்கெதிரான எதிர்ப்புரதமும் பின்னிய சிக்கல்கள் சிறுநீரகத்தில் படியக்கூடும், வலி இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் இமைகளோ கணுக்காலோ வீங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கடலுக்குப் போகாதே என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. அடுப்பு எரிய வேண்டியது உங்கள் வீட்டில். ஆகவே இப்படிச் சொல்கிறேன்: காலை 10 மணிக்குள் கரையேறிவிடும் நாட்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள், முழுக்கைச் சட்டை, தலைத்துணியோடு முகத்துக்கும் கைக்கும் வெயில் காக்கும் களிம்பு பூசுங்கள், நீர்ப்பரப்பிலிருந்தும் வெண்மணலிலிருந்தும் எதிரொளிக்கும் கதிரும் மேகத்தை ஊடுருவும் கதிரும் கணக்கில் சேரும். பாசியைத் தரம் பிரிப்பது, எடை போடுவது போன்ற நிழல் வேலையை வீட்டாரோடு மாற்றிக்கொள்ள முடிந்தால் மிக நல்லது.

கேள்வி: பேத்திக்குச் சீம்பால் கொடுக்க மருமகள் தயங்குகிறாள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– பாட்டி, தொண்டி

பதில்: உங்கள் மருமகளின் குடலில் பாடம் கற்ற பி செல்கள் இருக்கின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவற்றில் ஒரு பங்கு மார்பகத்துக்குப் பெயர்ந்து, பிளாஸ்மா செல்களாகி, ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்புரதத்தைப் பாலில் சுரக்கின்றன. சீம்பாலில் அதன் அடர்த்தி மிக அதிகம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அவர் எதிர்கொண்ட கிருமிகளுக்கு ஏற்ப உருவான புரதம் அது; எந்தப் பால் மாவிலும் கிடைக்காது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். தயக்கத்தை விட்டு இன்றே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் உம்மாவுக்கு 61 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சரவாங்கி (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). மெதோட்ரெக்சேட் போதாமல், ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் மஞ்சள் காமாலைப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்கிறார்கள். மூட்டு வலிக்கு இதெல்லாம் எதற்கு? பி செல்லை அழித்துவிட்டால் உம்மாவுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லாமல் போகாதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: முழுவதும் போகாது. ரிட்டுக்சிமாப், சி.டி.20 என்னும் அடையாளத்தைத் தாங்கிய பி செல்களை அழிக்கிறது. மஜ்ஜையில் பிறக்கும் ஆரம்பக்கட்டச் செல்லிலும் அந்த அடையாளம் இல்லை. எதிர்ப்புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்லிலும் இல்லை. ஆகவே பழைய தடுப்பூசிகளாலும் பழைய தொற்றுகளாலும் சேர்ந்த எதிர்ப்புரதம் பெருமளவு தொடர்ந்து சுரக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் புது பி செல்களும் வந்துவிடும். திரும்பத் திரும்ப ஏற்றும்போது எதிர்ப்புரத அளவு குறையலாம் என்பதால் இடையிடையே ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

சரவாங்கிக்கு இந்த மருந்து பலன் தருவதை ஜொனாத்தன் எட்வர்ட்ஸ் தலைமையிலான லண்டன் குழு 2004-இல் 161 நோயாளிகளிடம் காட்டியது. 2006-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. பல நோயாளிகளுக்கு, ரத்தத்தில் எதிர்ப்புரத அளவு பெரிதாகக் குறைவதற்கு முன்பே மூட்டு வீக்கம் வடிந்துவிடுகிறது. அப்படியானால் பி செல்லின் குற்றம் எதிர்ப்புரதம் சுரப்பது மட்டுமன்று. டி செல்களிடம் உடலின் சொந்தப் பொருளைக் கொண்டுபோய்க் காட்டித் தூண்டிவிடுவதும், அழற்சிப் புரதங்களைத் தானே சுரப்பதும் அதன் வேலைகள். ஆனால் லூபஸில் இதே மருந்தை வைத்து நடத்திய இரண்டு பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. ஒரு நோயில் கைகொடுத்தது இன்னொன்றில் கைவிடும் என்பதற்காகவே, பக்கத்து வீட்டு லூபஸ் நோயாளியின் அனுபவத்தை வைத்து உம்மாவின் மருந்தை எடைபோட வேண்டாம் என்கிறேன்.

பரிசோதனைகள் கட்டாயம் தேவை. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ், நோய் குணமானதாகத் தோன்றியவரின் கல்லீரலிலும் பதுங்கியிருக்கும். அதைக் காவல் காப்பவற்றில் பி செல்களும் அடங்கும். காவல் நீங்கியதும் வைரஸ் எழுந்து உயிருக்கே ஆபத்தான காமாலையை உண்டாக்கிய நிகழ்வுகள் உண்டு. முன்பே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம். எக்ஸ்ரே காசநோய்க்காக. இன்ஃபுளுவென்சா, நிமோனியாத் தடுப்பூசிகளை மருந்து ஏற்றுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் பாடம் கேட்க மாணவர்களே இருக்க மாட்டார்கள்.

கேள்வி: ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் எனக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அளவு 1:80. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இணையத்தில் தேடிப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது.
– வாசகர், மண்டபம்

பதில்: சொந்தப் பொருளோடு ஒட்டும் பி செல்கள் எல்லோரிடமும் பிறக்கின்றன என்று மேலே சொன்னேன். அவற்றில் சில தப்பிச் சிறிதளவு எதிர்ப்புரதம் சுரப்பது ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. செல்லின் உட்கருப் பொருள்களோடு ஒட்டும் அத்தகைய எதிர்ப்புரதமே ஏ.என்.ஏ.; 1:80 என்பது ரத்த நீரை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அது தெரிகிறது என்பதன் அளவு. 1:40 அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேருக்கு இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆகவே வரும், 1:80 அளவிலும் அது அரிதன்று. மூட்டு வீக்கம், வெயில் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் இவற்றில் எதுவும் இல்லாதவருக்கு இந்த அளவு ஒரு நோயின் பெயராகாது. ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளுங்கள். அதுவும் சரியாக இருந்தால் அடுத்த ஆண்டு பேக்கேஜ் எடுக்கும்போது ஏ.என்.ஏ.வை நீக்கிவிடச் சொல்லுங்கள்.